முதல் தாளோடு நின்றது

காருக்காகப் போட்ட கூரையின் கீழ் பல் குடியிருந்தது. கார் தெருவைப் பார்த்தபடி வெயிலில் காய்ந்தது. இதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டின் பக்கவாட்டில் ஷெட் போட்டவரும் வீட்டுக்காரரான கிரேன்காரர்தான். பிறகு அதே ஷெட்டுக்குச் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, மின்சாரம் இழுத்து, "இந்தா, இனிமே சமையல்மேடையில பல்லை உருட்டாதே" என்று மனைவி கையில் சாவியைக் கொடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு வெளியே போன கார் அப்புறம் உள்ளே வரவே இல்லை.

அவளைத் தெருவில் பல்லுக்காரம்மா என்பார்கள். பல் டாக்டர்கள் ஈறை அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதற்குத் தகுந்தபடி மெழுகில் பல் அடுக்கி, பிளாஸ்டிக்கில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். யார் யாருடைய சிரிப்போ அவள் மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். போட்டுக்கொள்பவர்களுக்கு இவள் முகம் தெரியாது, இவளுக்கும் அவர்கள் முகம் தெரியாது. ஆனால் குத்துகிறது, உறுத்துகிறது என்று ஒரு செட்டும் இவளிடம் திரும்பி வந்ததில்லை.

"வாய்க்குள்ள மயிரிழை கீறல் இருந்தாலும் நாக்கு சும்மா இருக்காது. நாள் முழுக்க அங்கேயே போய் நிக்கும்" என்பாள்.

இந்தத் தேய்க்கிற பைத்தியம் பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாளியின் கைப்பிடி, சீப்பின் நுனி, டிபன் பாக்ஸ் மூடியின் விளிம்பு, எதுவானாலும் சரி, சொரசொரப்பு என்று விரலில் பட்டுவிட்டால் போதும், உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுவாள். முதலில் முரட்டுத் தாள், அடுத்து அதைவிட மெல்லியது, அதற்கும் அடுத்து இன்னும் மெல்லியது, கடைசியில் துணி. பாதியில் கூப்பிட்டால் காது கேட்காது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும், "பாலைத் துடைச்சுக்கலாம், இதைப் பாதியில விட முடியாது" என்பாள்.

"என்னையும் ஒருநாள் பிடிச்சுத் தேய்ச்சுடப் போறே" என்பார் கிரேன்காரர்.

"உங்களுக்குத் தாள் பத்தாதுங்க."

அவர் இப்போது இங்கே இல்லை. கடல் தாண்டி எங்கோ ஒரு துறைமுகம் கட்டுகிறார்கள். அங்கே கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கல்லும் கம்பியும் தூக்கி இறக்குகிறார். நடுவில் ஒரே ஒரு தடவை விடுப்பில் வந்தார். பார்த்துப் பார்த்து அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. மனுஷன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார், காரைக் கழுவினார், கழுவின காரையே மறுபடியும் கழுவினார், பட்டறை வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "வேலையா இருக்கியா, இரு இரு" என்று நகர்ந்தார். விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் அப்படி இருந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை. அவர் போன பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது, வந்து என்ன பிரயோஜனம்.

பிள்ளை குட்டி என்று சத்தம் போட ஆளில்லாத வீடு. வாரத்துக்கு ஒருநாள் பேட்டரி இறங்கிவிடாமல் இருக்கக் காரை ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டும் என்பது அவர் சொல்லிவிட்டுப் போன வேலை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டார்ட் பண்ண மட்டும் தெரியும். ஓட்டுநர் இருக்கை அவருடைய நெட்டைக் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருக்கும். இவள் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டாது, நுனிக்கு வந்து நீட்டினால்தான் எட்டும். முன்னால் இழுத்துக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகாது. அவள் இழுக்கவே மாட்டாள். ஸ்டார்ட் பண்ணிவிட்டு, முதுகைச் சாய்த்து, அவர் சாய்ந்து சாய்ந்து பள்ளமான இடத்தில் கொஞ்ச நேரம் இருப்பாள். இஞ்சின் சூடாகட்டும் என்று பெயர்.

இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டிருப்பவள் போனில் என்ன பேசுவாள் என்கிறீர்கள்? அதையும் கேளுங்கள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, நீங்கதான் சொல்லணும்."

"இங்க என்ன இருக்கு சொல்றதுக்கு. சரி, வச்சிடவா?"

"உங்க இஷ்டம்."

இரண்டு பேரும் ஒரே ரகம். வாசலில், நீ முதலில் போ, நீங்கள் முதலில் போங்கள் என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு, கடைசிவரை உள்ளே போகாமல் நிற்கிற ரகம். நாலு தட்டு தட்டி உள்ளே தள்ளிவிடலாம் போல நமக்குத்தான் கை பரபரக்கும்.

இப்படித்தான் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டார். ஒப்பந்தம் முடியப் போகிறதாம். இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம்.

"நீ என்ன சொல்றே?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க."

"உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"எனக்கென்ன கஷ்டம்? நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. பிறகு அவர், "அதானே, உனக்கு வேலையும் நிறைய இருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் காற்று. "அப்ப அந்த வண்டிய எதுக்கு வெயில்ல போட்டு வீணாக்கணும்? யாராவது கேட்டா குடுத்துடலாமா?"

காரை விற்பது என்றால் ஓட்ட ஆள் வரப்போவதில்லை என்று அர்த்தம். அதை வாய்விட்டுச் சொல்லாமல், எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

"உங்க இஷ்டம்."

கேட்பதற்கு ஆள் எதிர்வீட்டிலேயே இருந்தார். மருந்துக்கடைக்காரர். இவளைத் தங்கச்சி என்றும் அவரை மாப்பிள்ளை என்றும் உறவு கொண்டாடுகிறவர். நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் மூடாது. மறுநாளே வந்து காரைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், முன்னால் குனிந்து விளக்கை விரலால் தட்டினார். கண்ணாடி என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அது பிளாஸ்டிக்தான். வெயிலில் மேல்பூச்சு வெந்து, உரிந்து, பழைய பல் மாதிரி மஞ்சள் பூத்துக் கிடந்தது. உள்ளே பல்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"தங்கச்சி, வண்டிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு" என்றார். "இதோட ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டுபோனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். இதை மட்டும் தெளிவாக்கிக் குடுத்துடு, நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கறேன். உனக்கென்ன, ஊர்ப்பட்ட பல்லைப் பளபளன்னு ஆக்கற கை, இது ஒரு வேலையா?"

சொல்லிவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று உள்ளே ஏறினார். அவர் குள்ளம். கால் எட்டவில்லை. இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஏதோ ஒன்றை இழுத்தார். தடதடவென்று இருக்கை முன்னால் ஓடி, டக்கென்று நின்றது.

"ஆங், இப்ப சரி" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவர் தெருமுனை வரை போய்த் திரும்பி, திருப்தியாகக் கீழே இறங்கி, கடைக்குப் போன பிறகு அவள் உள்ளே குனிந்து இருக்கையைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் போய் டக்கென்று நின்றது. மறுபடி அடியிலிருந்த கம்பியைத் தூக்கித் தள்ளினாள். இன்னும் கொஞ்சம் போய், துருவில் மாட்டி இறுகி நின்றுவிட்டது. உட்கார்ந்து பார்த்தாள். இதுதானா? இல்லை, இவ்வளவு கிட்டத்தில் ஸ்டியரிங் இருந்ததில்லை. ஒருவேளை இருந்ததோ? இத்தனை காலம் வாரந்தவறாமல் உட்கார்ந்தும், எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகை வந்தது. காருக்குள் உட்கார்ந்து அழுவதைத் தெரு பார்க்கும் என்று உள்ளே போய் அழுதாள்.

ஆனாலும் வேலை என்று ஒன்று ஏற்றுக்கொண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளித் தண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் நாலு சொட்டு, பெயிண்ட் கடையில் வாங்கிய ஒட்டும் டேப், நாலைந்து விதமான தாள், கடைசியில் அடிக்க ஒரு டப்பா பூச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பல்லுக்கு அந்தப் பூச்சு தேவையில்லை, வாய்க்குள் வெயில் அடிப்பதில்லை. இது வெளியில் நிற்கிற பொருள். கடைசிப் பூச்சு இல்லாவிட்டால் கொஞ்ச காலத்திலேயே பழையபடி மஞ்சளாகிவிடும் என்று பெயிண்ட் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. கை அதுபாட்டுக்கு டேப்பைக் கிழித்து, விளக்கைச் சுற்றி பெயிண்டில் கீறல் படாதபடி இரண்டு சுற்று ஒட்டியது. தாள்களை எல்லாம் ஒரு கிண்ணத்தில் ஊறப்போட்டது. முரட்டுத் தாளை எடுத்து, ஒரு கட்டையில் சுற்றி, குறுக்குவாட்டில் தேய்க்கத் தொடங்கியது. மஞ்சள் கரைந்து, கெட்டுப்போன மோர் மாதிரி வழிந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். மறுபடி தேய்த்தாள். ஒரு தாளில் எல்லா இடத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த தாளைத் தொடுவது அவள் வழக்கம். ஒரு பல் பளபளக்க இன்னொரு பல் சொரசொரக்க விடமாட்டாள். எனவே வலது விளக்கு முடிந்ததும் இடது விளக்குக்கு முக்காலியை நகர்த்தினாள்.

இரண்டும் முடிந்தபோது மஞ்சள் துளிக்கூட இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு விளக்கும் வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஆகியிருந்தன. தெரியாதவர்கள் பார்த்தால் நெஞ்சில் கை வைத்துவிடுவார்கள். முதல் தாளில் எப்போதும் இப்படித்தான். முதலில் இருந்ததைவிட மோசமாகத் தெரியும். அடுத்த தாளை மேலும் கீழுமாக ஓட்டினால் இந்தக் குறுக்குக் கீறல் போகும், அதற்கடுத்ததில் அதுவும் போகும், மெருகு போட்டுத் துணியால் துடைத்தால் கண்ணாடி தோற்கும். இதெல்லாம் அவள் விரலுக்குத் தெரிந்த விஷயம்.

கிண்ணத்தில் கையை விட்டு இரண்டாவது தாளை எடுத்தாள். எடுத்தவள் தற்செயலாக நிமிர்ந்தாள். முன்கண்ணாடி வழியாக உள்ளே இருக்கை தெரிந்தது. குள்ளனுக்கும் நெட்டையனுக்கும் நடுவில், யாருக்கும் உதவாத ஒரு இடத்தில் நின்றிருந்தது.

தாளை மறுபடியும் கிண்ணத்தில் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் ஆசையாக வந்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, புரை எடுக்கப் போய்க் கண்ணையே எடுத்துட்டியே தங்கச்சி!"

"கை தவறிடுச்சு அண்ணே."

"உனக்கா?"

"ஆமாண்ணே. கெட்டுப்போச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். முகம் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமாகப் போயிற்று. ஆனால் அவர் பார்த்தது விளக்கை, முகத்தை அல்ல. போனை எடுத்து இரண்டு பக்கமும் படம் பிடித்தார். "மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன், அப்புறம் நான் ஏதோ பின்வாங்கிட்டேன்னு நெனைக்கப் போறாரு" என்று, கை தவறிய கதையையும் சேர்த்து அங்கேயே நின்று அனுப்பினார். அனுப்பிவிட்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அவள் நினைத்தது நடந்துவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே பெருக்கப் போனவள், பெருக்குவதை விட்டுவிட்டு விளக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் வாங்கப் போனபோது ஒரு தடவை, குப்பை கொட்டப் போனபோது ஒரு தடவை. சொரசொரவென்று விரலில் உறுத்தியது. நாக்கு நாள் முழுக்க அங்கேயே போய் நிக்கும் என்று ஊருக்குச் சொன்னவள், தன் விரலை அடக்க முடியாமல் தவித்தாள். அவரை நினைப்பதும் இப்படித்தான் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. வேலை வேலை என்று எத்தனை பல்லை அடுக்கினாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது. எப்போது வருவீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அவருக்குப் பாரமாகிவிடுமோ என்று பயம்.

மதியம் அவர் கூப்பிட்டார். வீடியோவில். கண்ணாடிக் கூண்டும், தலையில் மஞ்சள் தொப்பியும், பின்னால் கொஞ்சம் கடலும் தெரிந்தன. வழக்கமான "சாப்பிட்டியா" வரவில்லை.

"விளக்கைக் காட்டு" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வலது பக்கம் காட்டினாள். இடது பக்கம் காட்டினாள்.

"கிட்டத்துல காட்டு."

காட்டினாள்.

"சுத்தி டேப் ஒட்டியிருக்கே."

"ம்."

"பெயிண்ட்ல ஒரு கீறல்கூட இல்ல."

"ம்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, குறுக்கால ஒரே சீராத் தேச்சிருக்கு. ஒரு இடத்துல அழுந்தல, ஒரு இடம் விட்டுப்போகல." முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். "கை தவறினா இப்படியா தவறும்?"

அவள் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடினாள்.

"அடுத்த தாள் எங்க?"

போனைத் திருப்பிக் கிண்ணத்தைக் காட்டினாள். சோப்புத் தண்ணீரில் தாள்கள் அப்படியே ஊறிக் கிடந்தன.

அவர் ரொம்ப நேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். சீப்பைக்கூடப் பாதியில் விடாதவள், பால் பொங்கினாலும் எழுந்திருக்காதவள், முதல் தாளோடு எழுந்து போயிருக்கிறாள் என்றால் அது என்ன என்று அவரைத் தவிர வேறு யாருக்குப் புரியும்?

"விக்க வேணாம்னு சொல்லியிருக்கலாமே" என்றார், குரல் இறங்கி.

அவ்வளவுதான், இத்தனை நாள் அடைத்து வைத்தது உடைந்துவிட்டது.

"எனக்கு விக்கப் பிடிக்கல. நீங்க அங்கயே இருக்கறதும் பிடிக்கல. நான் ஒண்ணும் நல்லா இல்ல. நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா நீங்க உடனே நம்பிடுவீங்களா?"

"நான் கேட்டேனே..."

"கஷ்டமில்லையேன்னு கேட்டீங்க. வரட்டுமான்னு என்னிக்காவது கேட்டீங்களா?"

"நான் வந்தா உனக்கு இடைஞ்சல்னு நெனச்சேன். போன தடவை பட்டறையில நீ தலை நிமிரவே இல்ல. நான் இல்லாட்டாலும் எல்லாம் நல்லா நடக்குதுன்னு..."

"கூரையை எனக்குக் குடுத்துட்டு நீங்களும் வண்டி மாதிரி வெயில்ல போய் நின்னுக்கிட்டா நான் என்ன பண்றது?"

அவர் தொப்பியைக் கழற்றினார். முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. இவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தைத் தொட வேண்டும் போல விரல் துடித்தது, தொட்டது போனின் கண்ணாடியைத்தான்.

"சரி, இப்ப கேக்கறேன்" என்றார். "வரட்டுமா?"

உங்க இஷ்டம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷம். அதை விழுங்கிவிட்டு, "வாங்க" என்றாள். சத்தம் பத்தவில்லையோ என்று சந்தேகம் வந்து மறுபடியும், "வந்துடுங்க" என்றாள்.

"கையெழுத்து இன்னும் போடல. போட மாட்டேன். ஆனா கையில இருக்கற வேலையை முடிச்சுக் குடுக்கணும். மழைக்காலம் தாண்டிடும்."

"தாண்டட்டும்."

"அதுவரைக்கும்..."

"இருந்துக்கறேன். இப்படியேதான் இருப்பேன், நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

அவர் சிரித்தார். மூக்கையும் உறிஞ்சினார். யாரோ கீழிருந்து விசில் அடித்தார்கள். அவர் எட்டிப் பார்த்து, இரு என்று கை காட்டினார்.

"விளக்கை என்ன பண்றது?" என்றாள் இவள். "இப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராது."

"ஒண்ணை நீ முடிச்சுடு. இன்னொண்ணு எனக்கு இருக்கட்டும்."

"வெயில்ல நின்னா அது மறுபடி மஞ்சளாயிடுங்க."

"பழைய துணி போட்டு மூடி வை. ஒரு பக்கம் மூடியிருந்தா மருந்துக்கடை அண்ணனுக்குக் கேலி பண்ண ஏதாவது கிடைக்கும்."

மறுபடி விசில் கேட்டது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு அந்த இன்னொரு விஷயமும் உள்ளே தங்கவில்லை.

"ஏங்க, அந்த அண்ணன் சீட்டை முன்னால இழுத்துட்டாரு. நானும் தள்ளித் தள்ளிப் பாத்தேன், எங்கெங்கயோ நிக்குது. நீங்க எந்த இடத்துல வச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியல. உங்க இடத்தைத் தொலைச்சுட்டேன்."

"அடி பைத்தியமே, அதுக்கெல்லாம் அளவு கிடையாது. போற வரைக்கும் பின்னால தள்ளு. கடைசியில கொஞ்சம் இறுகும், காலை ஊனிக்கிட்டுத் தள்ளணும். அதுக்கப்புறம் தள்ள இடமே இருக்காது. அதான் என் இடம்."

போன் அணைந்தது. அவள் அதைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காருக்குள் ஏறினாள். அடியில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கி, இரண்டு காலையும் ஊன்றி, முதுகால் ஒரு தள்ளு தள்ளினாள். துரு கிறீச்சிட்டது, நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தள்ளு. இருக்கை சரசரவென்று பின்னால் போய், முட்டி, டக்கென்று நின்றது. சாய்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். பெடல் எட்டவில்லை. சரியாக எப்போதும் எட்டாத அளவுக்கு எட்டவில்லை.